மேசைப் போர் விளையாட்டுகளில் இருப்புப் படை: நிறுத்திவைத்தலும் ஈடுபடுத்தலும்

ஆய்வுச் சுருக்கம்

படையின் ஒரு பகுதியைப் போரில் இறக்காமல் பின்னே நிறுத்திவைப்பது எப்போது பயன் தரும், எப்போது வீணாகும் என்பதை மேசைப் போர் விளையாட்டுகளைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. அம்முடிவின் தகுதியை ஆட்ட விதிகளே பெரிதும் தீர்மானிக்கின்றன என்பதும், ஆட்டம் முடியும் இடம் அதனைத் திரித்துவிடக்கூடும் என்பதும் இதன் கருத்து.

திறவுச் சொற்கள்: போர் விளையாட்டு, இருப்புப் படை, கிரீக்ஸ்பீல், லான்செஸ்டர் விதி, போரோடினோ

முன்னுரை

பிரஷ்யப் படை அலுவலர் ரைஸ்விட்ஸ் 1824இல் வெளியிட்ட ‘கிரீக்ஸ்பீல்’, படை அலுவலர்களின் பயிற்சிக்குரிய போர் விளையாட்டுக்கு அடித்தளமிட்டது. 1:8000 அளவிலான நிலப்படம், படைப்பிரிவுகளைக் குறிக்கும் சிறு கட்டைகள், பகடை, ஒரு நடுவர் ஆகியன அதன் உறுப்புகள். ஒரு சுற்று என்பது களத்தில் 2 நிமிடம். எதிரிப் படையில் கண்ணுக்குப் புலப்படக்கூடிய பகுதியை மட்டுமே நடுவர் படத்தில் வைப்பார்.

இங்கு ‘இருப்புப் படை’ என்பது இன்னும் எப்பணிக்கும் ஒதுக்கப்படாத படையைக் குறிக்கிறது. தமிழில் படையின் முன்னணிக்குத் ‘தூசி’ என்றும் பின்னணிக்குக் ‘கூழை’ என்றும் சொற்கள் உள்ளன. ஆயினும், தும்பைத் திணையில் தொல்காப்பியம் கூறும் கூழை தாங்கும் வீரன் வரும் பகையைத் தடுத்து நிற்பவன். அவன் ஏற்கெனவே போரில் இருக்கிறான். ஆகவே, கூழையை இருப்புப் படைக்கு நேர்ச்சொல்லாகக் கொள்வது பொருந்தாது.

எண்ணிக்கை கூறும் மறுப்பு

இருப்புப் படைக்கு எதிரான வலுவான வாதம் கணிதத்திலிருந்து வருகிறது. ஒவ்வொருவரும் எதிரியில் எவரையும் தாக்கக்கூடிய போரில், படையின் வலிமை எண்ணிக்கையின் இருமடிக்கு ஏற்ப அமையும் என்பது பிரடெரிக் லான்செஸ்டர் 1916இல் வெளியிட்ட நூலில் விளக்கிய விதி. தரத்தில் ஒத்த 100 பேரும் 100 பேரும் மோதுவதாகக் கொள்வோம். ஒருவர் 30 பேரைப் பின்னே நிறுத்தி 70 பேரை மட்டும் அனுப்பினால், அந்த 70 பேரும் அழியும்போது எதிரியிடம் ஏறத்தாழ 71 பேர் எஞ்சுவர். பின்னர் வரும் 30 பேரையும் அழித்த பிறகு எஞ்சுவோர் ஏறத்தாழ 65 பேர். இருவரும் முழுப் படையையும் இறக்கியிருந்தால் சமநிலை. பிரித்தவரோ எதிரிக்கு 65 பேரைப் பரிசாக அளித்துவிட்டார். துப்பாக்கியும் பீரங்கியும் திறந்த வெளியில் எங்கும் எட்டும் விளையாட்டுகளில் புதிய ஆட்டக்காரர்கள் தோற்பதற்கு இது பெருங்காரணம்.

ஆனால், இக்கணக்கு ஒரு நிபந்தனையின்மேல் நிற்கிறது. கணவாயிலோ பாலத்திலோ 70 பேர் மட்டுமே தோளோடு தோள் நிற்க இயலும் என்றால், மீதி 30 பேரை நிறுத்திவைப்பதால் இழப்பு ஏதுமில்லை. ஈட்டியும் வாளும் கொண்டு வரிசையாகப் பொருதும் பழங்காலப் போர்களைப் பற்றிய விளையாட்டுகளிலும் முன்வரிசை மட்டுமே பொருதுவதால், பின்னிற்போர் களைப்படையாத கையிருப்பாகின்றனர். ஆக, ஆட்டக்காரர் விதிநூலில் முதலில் தேட வேண்டியது, ஒரே நேரத்தில் எத்தனை பேர் போரிட முடியும் என்பதையே.

அறியாமையின் விலை

கிளவுசவிட்ஸ் தமது ‘போர் பற்றி’ (1832) நூலில் இருப்புப் படைக்கு இரு பயன்களைக் கூறுகிறார்: போரை நீட்டித்துப் புதுப்பித்தல், எதிர்பாராததை எதிர்கொள்ளல். இரண்டாவது பயன் எதிரியின் நிலை தெரியாதபோதே பொருள்படும். எச். ஜி. வெல்ஸின் ‘லிட்டில் வார்ஸ்’ (1913) விளையாட்டில் இடையே இருந்த திரை விலகியதும் எதிரிப் படை முழுவதும் கண்முன் நிற்கும். அங்கே எதிர்பாராதது மிகச் சிறிது; கிரீக்ஸ்பீலிலோ அது மிகப் பெரிது. இருப்புப் படையின் அளவு ஆட்டக்காரரின் அறியாமையின் அளவோடு கூட வேண்டும். வேவுப் பிரிவுகள் செய்தி கொணரக் கொணர அது குறையலாம்.

ஈடுபடுத்தும் கணம்

நிறுத்திவைப்பதினும் விடுப்பதே கடினம். கிரீக்ஸ்பீலில் கட்டளை சென்றுசேரவும் நேரமாகும். கட்டளைக்கு 2 சுற்றும் நடைக்கு 4 சுற்றும் தேவையெனில், முன்னணி உடைவதற்கு 12 நிமிடம் முன்பே, அதாவது அது உறுதியாகத் தோன்றும்போதே, முடிவெடுக்க வேண்டும். 1990இல் வெளிவந்த ‘டி பெல்லிஸ் ஆன்டிகுவிடாடிஸ்’ இதே இடரை வேறு வழியில் உருவாக்குகிறது. ஒவ்வொரு தரப்புக்கும் 12 படைக்கூறுகள். ஒரு சுற்றில் எத்தனை நகர்வுகள் என்பதைப் பகடை சொல்லும். ஒருங்கே நிற்கும் வரிசை முழுவதும் ஒரே நகர்வில் செல்லும். சிதறிவிட்டால் ஒவ்வொரு கூறுக்கும் தனி நகர்வு வேண்டும். போர் முற்ற முற்ற முன்னணியே எல்லா நகர்வுகளையும் விழுங்கிவிடுவதால், இருப்பிலுள்ள 2 கூறுகள் கண்ணெதிரே அசையாமல் நிற்க நேரிடும். அவற்றை நேர்பின்னே, ஒரே நகர்வில் எட்டும் தொலைவில் வைப்பதே தக்கது. 4 கூறுகளை இழந்து, அவ்விழப்பு எதிரியினதைவிட மிகுந்தால் தோல்வி என்பதால், உடைந்துகொண்டிருக்கும் இடத்திற்கு அவற்றை அனுப்புவது தோல்வியை விரைவாக்கவும் கூடும்.

1815 ஜூன் 18 அன்று வாட்டர்லூவில் லா ஹே செயின்ட் பண்ணை வீழ்ந்ததும் மார்ஷல் நே கூடுதல் காலாட்படை கேட்டார், நெப்போலியன் மறுத்தார். காவற்படையின் ஒரு பகுதி பிளான்செனுவாவில் பிரஷ்யரைத் தடுக்கச் சென்றிருந்தது. எஞ்சியதிலிருந்து மாலை 7 மணிக்குப் பின் அவர் நடுவரிசைமீது அனுப்பிய பிரிவுகள், அதற்குள் வலுப்பெற்றுவிட்ட எதிரிமுன் முறிந்தன.

ஆட்டத்தின் எல்லை

1812 செப்டம்பர் 7இல் நடந்த போரோடினோப் போரிலோ நெப்போலியன் தம் காவற்படையின் காலாட்படையையும் குதிரைப்படையையும் தாக்குதலில் இறக்கவே இல்லை. பாரிஸிலிருந்து இத்தனை தொலைவில் கடைசிப் படையை இழக்கத் துணியாமை அதற்குக் கூறப்படும் காரணம். அப்போரை மேசையில் ஆடுபவருக்கோ மறுநாள் இல்லை. மாஸ்கோவும் இல்லை, பின்வாங்கும் பனிப்பாதையும் இல்லை. இறுதிச் சுற்றில் காவற்படையை வீசியெறிவதால் அவர் இழப்பது ஒன்றுமில்லை. வரலாற்றைக் கற்பிக்கும் கருவியாகப் போர் விளையாட்டைக் கொள்வோர் இவ்விடத்தில் கவனமாக இருத்தல் வேண்டும். விதிகள் வழுவற்றனவாயினும், ஆட்டம் நிற்கும் இடம் தவறான பாடத்தைத் தந்துவிடும்.

இதற்கு நடுவர்கள் கையாளக்கூடிய வழிகள் சில உள. இறுதிச் சுற்று எதுவென அறிவிக்காமல் பகடையால் தீர்மானிக்கலாம். சிதையாத படைக்கு வெற்றிப் புள்ளி வழங்கலாம். இது எளிதாயினும் செயற்கையானது. ஒரு போரில் எஞ்சிய படையையே அடுத்த போருக்குக் கொண்டுசெல்லும் தொடர் ஆட்டமே மிகப் பொருத்தமானது. பிரஷ்யர் வருவர் என்பதை முன்னரே அறிந்த ஆட்டக்காரருக்கு வாட்டர்லூவைக் கொடுக்கும்போது, ஊர்ப் பெயர்களை மாற்றி நிலப்படத்தைத் திருப்பிவைப்பதும் வேண்டியிருக்கும்.