தாளப்பாக்கத்துச் சங்கீர்த்தனங்கள்: செப்பேடும் இணையமும்

இசைப்பாட்டு என்பது சொல், பண், தாளம், மெட்டு ஆகியவற்றின் கூட்டாகும். இவற்றுள் எது எழுத்தில் நிற்கும், எது வாய்வழியாக மட்டுமே வாழும் என்பதைத் தெளிந்தாலன்றி, அதனைப் பாதுகாக்கும் முயற்சியை மதிப்பிடுதல் இயலாது. திருமலையில் செப்பேடுகளாகக் கிடைத்த அன்னமாச்சாரியாரின் தெலுங்குச் சங்கீர்த்தனங்கள் இதற்கு ஏற்ற சான்றாகும்.

கடப்பைப் பகுதியிலுள்ள தாளப்பாக்கத்தில் பிறந்த அன்னமாச்சாரியார் (1408–1503) 32,000 சங்கீர்த்தனங்கள் பாடினார் என்பது அவர்தம் பேரர் சின்னன்னர் இயற்றிய வரலாற்று நூலின் கூற்று. கிடைத்துள்ளவை அதிற் பாதியும் இல்லை. மைந்தர் பெத்த திருமலாச்சாரியார் அவற்றைச் செப்பேடுகளில் பொறிப்பித்தார். திருமலைக் கோயிலுக்குள் சங்கீர்த்தன பண்டாரம் எனப்பட்ட சிற்றறையில் அவை வைக்கப்பெற்றன. அவை முற்றிலும் மறைந்து கிடந்தன என்று சொல்வதற்கில்லை. 1816-இல் தெலுங்கு இலக்கணம் வெளியிட்ட காம்பெல் துரை, ஓர் ஆளை அனுப்பி அவற்றைப் பார்வையிடச் செய்தார். இலக்கண நூல் ஒன்றை மட்டும் படியெடுக்கச் செய்து, எஞ்சியவை வெறும் கடவுள் துதிகளே என ஒதுக்கிவிட்டார். தேடியது இலக்கணம், எதிரே இருந்ததோ இசைக் கருவூலம். பின்னர் ஒரு நூற்றாண்டு கழிந்து, 1922-இல் அவை வெளிக்கொணரப்பெற்றன. சாது சுப்பிரமணிய சாஸ்திரி, வேட்டூரி பிரபாகர சாஸ்திரி, ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா முதலிய அறிஞர்களின் உழைப்பால் படிப்படியாக அச்சேறின.

செம்பு காத்தது சொல்லை மட்டுமே. ஒவ்வொரு பாட்டின் தலைப்பிலும் ராகத்தின் பெயர் உண்டு, சுரக்குறிப்பு இல்லை. கொண்டமலஹரி, அமரசிந்து போலச் சில ராகங்கள் இன்று பெயரளவிலேயே அறியப்படுகின்றன. பேரர் சின்ன திருமலாச்சாரியாரின் சங்கீர்த்தன லட்சண நூல் பாட்டின் இலக்கணத்தைச் சொல்லுமேயன்றி மெட்டினைத் தராது. பாடுவோர் மரபு இடையில் அறுந்துவிட்டமையால், இன்று செவிக்கு எட்டும் மெட்டுகள் பெரும்பாலும் 20-ஆம் நூற்றாண்டில் அமைக்கப்பெற்றவை. ராள்ளபள்ளியார் நூற்றுக்கு மேற்பட்ட பாடல்களுக்கு இசையமைத்தார். 1978-இல் திருமலை திருப்பதி தேவஸ்தானம் அன்னமாச்சாரியா திட்டத்தைத் தொடங்கியபின் இப்பணி விரைந்தது. ‘நானாடி பதுகு’ என்னும் பாடல் இன்று ரேவதி ராகத்தில் பரவலாகப் பாடப்படுகிறது. கருநாடக இசை மேடைகளில் ரேவதி செல்வாக்குப் பெற்றதோ 20-ஆம் நூற்றாண்டில்தான்.

தேவாரத்தின் நிலை சற்று வேறானது. அங்கும் பண்ணின் பெயரே ஏட்டில் நின்றது. எனினும் கோயில்தோறும் ஓதுவார் மரபு தொடர்ந்தமையால் பாடும் முறை அறாமல் வந்தது. பழம் பண்களுக்கு இன்று வழங்கும் ராகங்கள் பிற்காலப் பொருத்தங்கள் என்பதை அம்மரபினரே அறிவர். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 2007-இல் வெளியிட்ட கணினித் தேவாரம், தி. வே. கோபாலையரின் பதிப்பை அடிப்படையாகக் கொண்டது. பாடம் எப்பதிப்பைச் சார்ந்தது என்பது பயில்வோர்க்கு அங்கு ஐயமின்றி விளங்கும்.

அன்னமாச்சாரியார் பாடல்களுக்கு இத்தெளிவு மிகுதியும் தேவை. தேவஸ்தானத்தின் வலைத்தளத்தில் நூல்களும் ஒலிப்பதிவுகளும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன; இஃது அரிய தொண்டு. ஆயினும் ஒலிப்பதிவு கைமாறிக் கைமாறிப் பரவும்போது மெட்டமைத்தவர் பெயர் உதிர்ந்துவிடுகிறது. ‘அன்னமய்யா பாட்டு’ என்பது மட்டுமே எஞ்சுகிறது. 40 ஆண்டு மெட்டினை 500 ஆண்டு மெட்டெனக் கேட்போர் கொள்கின்றனர். அதனால் மெட்டமைத்தவரின் புகழ் மறைவது ஒரு குறை. ஒரு மெட்டே மூலம் எனக் கருதப்படுவதால், செப்பேட்டு ராகத்தில் வேறு மெட்டு முயல்வோர் பிழை செய்தவராகக் காணப்படுவது அதனினும் பெருங்குறை. செப்பேட்டின் நிழற்படம், அதிற் குறித்த ராகம், மெட்டமைத்தவர், பாடியவர், பதிவான ஆண்டு ஆகியன ஒலியினின்று பிரியாதவாறு இணைக்கப்பெறல் வேண்டும்.

எழுத்துச் சிக்கலும் ஒன்றுண்டு. சித்தூர் மாவட்டத்தில் தமிழக எல்லையை அடுத்த பாலசமுத்திரம் போன்ற இருமொழிப் பகுதிகளில், தெலுங்கைப் பேச்சில் அறிந்து தமிழெழுத்தில் மட்டும் படிப்போருக்கு இச்சிக்கல் நேர்வது இயல்பு. கருத்து என்னும் பொருளுடைய தெலுங்குச் சொல்லைத் தமிழில் ‘பாவமு’ என எழுதினால், தீவினையைக் குறிக்கும் பாவமும் அதுவே ஆகிவிடும்! இதற்காகவே இசை நூலார் எழுத்தின் மேல் 2, 3, 4 என எண்ணிட்டு வேறுபடுத்தினர். கணினியில் படியெடுக்கும்போது இவ்வெண்கள் உதிர்ந்துவிடுகின்றன, அல்லது சொல்லின் நடுவே வெற்றெண்களாக நின்று படிப்போரை மயக்குகின்றன. ஆகவே தெலுங்கெழுத்துப் பாடத்தை மூலமாகச் சேமித்து, அதிலிருந்தே தமிழெழுத்து வடிவைப் பெறுதல் முறை. தெலுங்கிலிருந்து தமிழுக்கு மாற்றுவது எளிது. எண்ணிழந்த தமிழ் வடிவிலிருந்து தெலுங்கினைத் திரும்பப் பெறக் கணினியால் இயலாது.