காற்றை உணர்ந்த மெய்யும் காற்றைக் காணும் கண்ணும்

தொல்காப்பியனார் மரபியலில் உயிர்களை அறிவின் வகையால் ஆறாகப் பகுத்தவிடத்து, மெய்யால் உற்றறிதலையே முதலறிவாக வைத்தார். கண்ணறிவு நான்காவது, செவியறிவு ஐந்தாவது, மனவறிவு ஆறாவது. ஐம்பொறிகளின் அமைப்பு அன்றுபோலவே இன்றும் இருக்கின்றது. எனினும் அவற்றுள் எதனை நம்பி நாம் வாழ்கின்றோம் என்பது காலந்தோறும் மாறிவருகின்றது. இதற்கு நம் இராமநாதபுரக் கடற்கரையே தக்க சான்றாகும்.

முற்காலத்தில் இராமேசுவரத்திற்குச் செல்வோர் பாம்பன் கால்வாயைத் தோணியிலேயே கடந்தனர். வாடை, கொண்டல், கச்சான் எனக் காற்றுக்குப் பெயரிட்டழைத்த கடலோடிகள், அது கன்னத்திற் படும் வகையால் அதன் திசையையும் வலியையும் அறிந்தனர். யாத்திரிகரும் உப்புத்துளியை நாவிலும், அலையின் அசைவை உடம்பிலும் உணர்ந்தே கரை சேர்ந்தனர். 1914 பிப்ரவரி 24இல் பாம்பன் இருப்புப்பாதைப் பாலம் திறக்கப்பட்டபின், பிரயாணிக்குக் கடல் ஒரு காட்சியாயிற்று. இரும்பின் ஓசை அலையோசையை மறைத்தது.

காற்றை அறியும் வேலையையும் கருவிகள் ஏற்றுக்கொண்டன. பாம்பன் துறைமுகத்தில் ஏற்றப்படும் புயற்கூண்டு, மெய் உணருமுன்னரே வரும் ஆபத்தைக் கண்ணுக்குக் காட்டுகின்றது. பாலத்தில் அமைந்த காற்றுமானியோ, வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரைக் கடந்தால் வண்டியை நிறுத்தும்படி செய்தது.

இம்மாற்றத்தை வெறும் நஷ்டமென்று இரங்குதல் தகாது. 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு, இருளும் மழையும் கண்ணை மறைக்க, கைகாட்டியும் செயலற்றுப்போக, பாம்பனிலிருந்து சென்ற புகைவண்டி தனுஷ்கோடியை அணுகுகையில் பேரலையில் மூழ்கிற்று. அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். நம்மைத் தீண்டிய காற்றையே மெய் அறியும். நெடுந்தொலைவிற் கருக்கொள்ளும் புயலை அஃது அறியாது. இன்று விண்ணிலுள்ள துணைக்கோள் அதனைச் சில நாட்களுக்கு முன்னரே காண்கின்றது. அச்செய்தி கைப்பேசிவழி எட்டுதலால் படகுகள் கரையிலேயே தங்குகின்றன. கருவி காத்த உயிர்கள் பல.

ஆயினும் ஒன்று கருதற்பாலது. 2025 ஏப்ரல் 6இல் திறக்கப்பட்ட புதிய பாலத்தின்மீது, குளிரூட்டிய பெட்டியின் கண்ணாடிக்குள் அமர்ந்து செல்லும் நமக்கு, வெளியே வீசுவது வாடையோ கச்சானோ என்பது தெரிவதில்லை. நமக்கு அதனால் இடரில்லை. நடுக்கடலில் திசைகாட்டுங் கருவி நீர்பட்டு ஓய்ந்துவிடின், மீனவ இளைஞனுக்குத் துணையாவது அவன் கன்னமும் செவியுமே. பயிலாத புலனோ மழுங்கும்.

ஆதலின் மாணவ நண்பர்களே, விடுமுறையில் இக்கரைக்குச் செல்வீராயின், முதிய மீனவர் ஒருவரை அடுத்து, காற்றின் பெயர்களைக் கேட்டறிவீராக. கேட்டபின், கண்ணை மூடி, வீசுவது எதுவென மெய்யால் உணர முயல்வீராக. புதுக்கருவியைப் போற்றுவோம், பழம்புலனையும் கைவிடாதிருப்போம்.