வெட்டாத மரத்துக்கு எழுதும் கணக்கு

பொலிவியாவின் வடகிழக்கு மூலையில், பிரேசில் எல்லையாக ஓடும் இத்தேனெஸ் ஆற்றின் கரையோரம் நோயெல் கெம்ப் மெர்காதோ தேசியப் பூங்கா விரிந்து கிடக்கிறது. பரப்பு 15,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல். ஹுவாஞ்சாக்கா என்ற மணற்பாறைப் பீடபூமி அதற்குள் செங்குத்தாக எழுந்து நிற்கிறது. அதன் விளிம்பிலிருந்து அருவிகள் விழுகின்றன. கீழே அமேசான் மழைக்காடு, மேலே செர்ராடோ எனப்படும் புல்வெளிக்காடு. 600க்கும் மேற்பட்ட பறவை இனங்கள், ஜாகுவார், ராட்சத நீர்நாய், நெடுங்கால் ஓநாய் என இத்தனையும் ஒரே பூங்காவுக்குள் வாழ்கின்றன. யுனெஸ்கோ 2000இல் இதை உலக மரபிடமாக அறிவித்தது.

பூங்கா ஒரு மனிதரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. நோயெல் கெம்ப் மெர்காதோ பொலிவியாவின் உயிரியலாளர். 1986 செப்டம்பரில் ஆய்வுக்காக இந்தப் பீடபூமியில் சிறு விமானத்தில் வந்து இறங்கினார். அருகில் காட்டுக்குள் மறைவாக ஒரு கொக்கெய்ன் தொழிற்கூடம் இயங்கிக்கொண்டிருந்தது. அவரையும் விமானியையும் வழிகாட்டியையும் அங்கிருந்தவர்கள் சுட்டுக் கொன்றார்கள். 1979இல் ஹுவாஞ்சாக்கா பூங்காவாகத் தொடங்கிய இடம் 1988இல் அவர் பெயரைப் பெற்றது.

காட்டைக் காப்பாற்றப் பணம் திரட்டுவது பழைய விஷயம். காடு அழியாமல் இருந்ததால் வெளிவராத கரியமில வாயுவுக்கு டன் கணக்கில் ரசீது போட்டு, அந்த ரசீதைக் கொண்டே காட்டைக் காப்பது என்ற முறை பெரிய அளவில் முதன்முதலாகச் சோதிக்கப்பட்ட இடங்களில் இந்தப் பூங்கா முக்கியமானது. காடழிப்பைத் தவிர்ப்பதற்காக இன்று உலகம் முழுவதும் ‘ரெட்’ (REDD) திட்டங்கள் என்று பேசப்படுபவற்றுக்கு இது முன்னோடி.

1990களின் நடுவில் பூங்காவின் பரப்பு இப்போதிருப்பதில் பாதிதான். அதை ஒட்டிய காடுகளைக் கூப்புக் குத்தகைக்காரர்கள் வைத்திருந்தார்கள். மகோகனி, செட்ரெலா போன்ற விலை மதிப்புள்ள மரங்களைத் தேடித் தேடி வெட்டினார்கள். குத்தகையை ரத்து செய்து அந்தக் காட்டையும் பூங்காவோடு சேர்த்துவிட வேண்டும் என்று ஃபான் என்ற பொலிவியத் தொண்டு நிறுவனமும், அமெரிக்காவின் நேச்சர் கன்சர்வன்சியும் விரும்பின. குத்தகைக்காரர்களுக்கு இழப்பீடு கொடுக்க வேண்டும். வனக்காவலர்களுக்குச் சம்பளம், படகு, எரிபொருள், வயர்லெஸ் எல்லாம் வேண்டும். அந்தப் பணம் அமெரிக்கன் எலெக்ட்ரிக் பவர், பசிஃபிகார்ப், பிபி என்ற மூன்று எரிசக்தி நிறுவனங்களிடமிருந்து பெருமளவு வந்தது. மொத்தத்தில் ஏறத்தாழ 1 கோடி டாலர். 1996 இறுதியில் அரசாணை வந்தது. பூங்கா இரண்டு மடங்கானது. 1997இல் 30 ஆண்டுத் திட்டம் தொடங்கியது. தவிர்க்கப்பட்ட கரியமில வாயுவில் 51 சதவீதம் நிறுவனங்களுக்கு, 49 சதவீதம் பொலிவிய அரசுக்கு என்று ஒப்பந்தம்.

நிலக்கரியும் எண்ணெயும் எரிக்கும் நிறுவனங்கள் தொலைதூரக் காட்டுக்குப் பணம் தருவதற்குக் காரணம் எளிது. புகைக்கு நாளை சட்டம் வரம்பு விதிக்கும், அன்றைக்கு இந்த ரசீதுகள் கைகொடுக்கும் என்று அவை எதிர்பார்த்தன.

இப்படிப்பட்ட திட்டத்தை ஒருங்கிணைப்பவரின் மேசையில் மூன்று கணக்குகள் இருக்கும்: டன், பணம், மனிதர்கள். பணக் கணக்கு சிரமமானதுதான், ஆனால் புதியதல்ல. தணிக்கை, காலாண்டு அறிக்கை, சம்பளப் பட்டியல் எல்லாம் எந்த அலுவலகத்திலும் உள்ளவை. மற்ற இரண்டும்தான் இந்த வேலையை வேறொன்றாக்குகின்றன.

முதலில் டன். காட்டிலுள்ள கரியை யாரும் தராசில் நிறுத்துப் பார்க்க முடியாது. அதனால் மாதிரிப் பகுதிகளை அளக்கிறார்கள். நோயெல் கெம்ப் பூங்காவில் 625 நிரந்தர அளவைத் திட்டுகள் அமைக்கப்பட்டன. ஒவ்வொரு திட்டிலும் மரங்களின் விட்டத்தைத் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில், அதாவது மார்பளவில், அளக்க வேண்டும். மழைக்காட்டு மரங்கள் பலவற்றின் அடி பலகை வேர்களாக விரிந்திருக்கும். அங்கே நாடாவைச் சுற்றினால் மரம் இருப்பதைவிடப் பருமனாகக் கணக்கில் ஏறிவிடும். எனவே ஏணி வைத்து, வேர் முடியும் இடத்துக்கு மேலே அளக்கிறார்கள். பனை இனங்கள் வயதாக ஆக உயர்கின்றனவே தவிரப் பருப்பதில்லை. அவற்றுக்கு உயரம்தான் அளவு. விழுந்து கிடக்கும் மரம், நின்றபடி பட்டுப்போன மரம், சருகு, மண் எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கணக்கு உண்டு. விட்டத்திலிருந்து எடையை ஒரு சூத்திரம் தருகிறது. உலர்ந்த எடையில் ஏறக்குறைய பாதி கரி. கரியை 3.67ஆல் பெருக்கினால், அந்த மரம் எரிந்தோ மட்கியோ போனால் வெளிவரும் கரியமில வாயுவின் எடை கிடைக்கும்.

கொசுக்கடியும் சேறுமாக இதைச் செய்வது கடும் உழைப்பு. ஆனால் மூன்று கணக்குகளிலும் சச்சரவு குறைந்த பகுதி இதுதான். மரம் அங்கே நிற்கிறது. சந்தேகம் வந்தால் மறுபடி போய் அளந்து பார்க்கலாம்.

திட்டம் வராமல் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதைப் போய் அளக்க முடியாது. நடக்காத ஒன்றைத்தான் விற்கிறார்கள் என்பதால், நடந்திருக்கக்கூடியதை முதலில் மதிப்பிட வேண்டும். அடிப்படைக்கோடு என்று சொல்லப்படும் இந்த மதிப்பீட்டின் மேல்தான் ஒவ்வொரு டாலரும் நிற்கிறது. “இந்தக் காடு பத்து ஆண்டில் மொட்டையாகியிருக்கும்” என்று எழுதினால் ரசீது பெருகும். “குத்தகைக்காரர்கள் எப்படியும் நொடித்துப் போயிருப்பார்கள்” என்று எழுதினால் ரசீதே இல்லை. எழுதுபவர் ரசீதால் பயன்பெறுபவராகவும் இருந்தால் பேனா எந்தப் பக்கம் சாயும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நோயெல் கெம்ப் திட்டத்தார் இதைக் கவனமாகவே அணுகினார்கள். சுற்றுப்புறக் காடழிப்பைச் செயற்கைக்கோள் படங்களிலிருந்து கணித்தார்கள். கூப்பு எடுப்பதால் வரும் இழப்பை, பக்கத்தில் இன்னும் வெட்டு நடந்துகொண்டிருந்த குத்தகைக் காட்டுக்கே போய் அளந்தார்கள். ஒரு மகோகனி சாயும்போது அது எத்தனை இளமரங்களை முறித்துக்கொண்டு விழுகிறது, அதை இழுத்துச் செல்லும் பாதையில் எவ்வளவு அழிகிறது என்பதெல்லாம் அந்தக் கணக்கில் சேரும்.

அடுத்த தொல்லையின் பெயர் கசிவு. இங்கே ஓய்ந்த ரம்பம் இன்னொரு காட்டில் ஓடினால் பூமிக்கு லாபமில்லை. இழப்பீடு வாங்கிய குத்தகைக்காரர் அதே பணத்தில் வேறிடத்தில் மரம் எடுக்கலாம். அவர் எடுக்காவிட்டாலும், சந்தையில் மரம் குறைந்து விலை ஏறினால் வேறொருவர் எடுப்பார். பொலிவியாவின் மரச்சந்தை முழுவதற்கும் ஒரு பொருளாதார மாதிரியை உருவாக்கி, இந்தக் கசிவைக் கணித்துக் கழித்தார்கள்.

2005இல் எஸ்ஜிஎஸ் என்ற சர்வதேசச் சரிபார்ப்பு நிறுவனம் கணக்கைச் சோதித்தது. 1997 முதல் 2005 வரை தவிர்க்கப்பட்டது சுமார் 10 லட்சம் டன் கரியமில வாயு என்று சான்றளித்தது. 30 ஆண்டுகளுக்கான எதிர்பார்ப்பு 58 லட்சம் டன். தொடக்கத்தில் சொல்லப்பட்ட எண் இதைப்போல் பல மடங்கு. கிரீன்பீஸ் அமைப்பு 2009இல் வெளியிட்ட அறிக்கையில் இந்தச் சரிவையும் கசிவுக் கணக்கையும் கடுமையாகத் தாக்கியது. கிரீன்பீஸ் கேட்ட கேள்விகள் நியாயமானவை. ஆனால் தரவு வர வர எண்ணைக் குறைத்துக்கொண்டதை நான் குற்றமாகப் பார்க்கவில்லை. பின்னால் வந்த பல திட்டங்களில் இந்த நேர்மையைக் காணோம்.

அதற்குச் சான்றும் இருக்கிறது. பெரு, கொலம்பியா, காங்கோ, கம்போடியா உள்ளிட்ட ஆறு நாடுகளின் 26 திட்டங்களைத் திட்டமில்லாத ஒத்த காடுகளோடு ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2023இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்தது. பெரும்பாலான திட்டங்கள் காடழிப்பைக் குறிப்பிடத்தக்க அளவு குறைக்கவில்லை. குறைத்தவையும் சொன்ன அளவுக்குக் குறைக்கவில்லை என்பது அதன் முடிவு. அந்த ஆண்டின் இறுதியில், ரசீதுகளைப் பதிவு செய்யும் வெர்ரா அமைப்பு புதிய நெறிமுறை கொண்டுவந்தது. அதன்படி, மாநிலம் அல்லது நாடு அளவிலான தரவிலிருந்து அடிப்படைக்கோடு வர வேண்டும். திட்டத்தாரே வரைந்துகொள்ள முடியாது. பத்து ஆண்டுகளுக்கு முன்பே செய்திருக்க வேண்டிய காரியம்.

இனி மனிதர்கள். பூங்காவின் மேற்கே பராகுவா ஆற்றுப் பகுதியில் பிசோ ஃபிர்மே, போர்வெனிர், ஃப்ளோரிடா போன்ற சிற்றூர்கள் உள்ளன. சிக்கித்தானோ பழங்குடியினர் அங்கே வாழ்கிறார்கள். மரம் அறுக்கும் ஆலைகளும் கூப்பும் அவர்களில் பலருக்குக் கூலி தந்தன. அரசாணை வந்ததும் அந்தக் கூலி நின்றது. பூங்கா விரிந்தபோது, தலைமுறைகளாக வேட்டையாடியும் காய்கனி எடுத்தும் வந்த இடங்கள் எல்லைக்கு உள்ளே போயின. முடிவெடுத்த மேசையில் அவர்களுக்கு உரிய இடம் இருக்கவில்லை. இந்தத் திட்டத்தின் மிகப்பெரிய பிழையாக நான் கருதுவது இதைத்தான். டன் கணக்கில் தவறு வந்தால் அடுத்த அறிக்கையில் திருத்திவிடலாம். கேட்காமல் எடுத்த காட்டை அடுத்த அறிக்கையில் திருப்பித் தர முடியாது.

பிறகு திட்டம் ஊர்களின் பக்கம் திரும்பியது. பள்ளிக்கூடம், சுகாதார நிலையம், பனங்குருத்து எடுக்கும் சிறு தொழில் ஆகியவற்றுக்கு உதவி கிடைத்தது. சில இளைஞர்கள் வனக்காவலர்கள் ஆனார்கள். சில முயற்சிகள் நிலைத்தன, சில நிலைக்கவில்லை. எல்லாவற்றையும்விடப் பெரியது சட்ட உதவி. சமூகங்கள் ஓர் அமைப்பாகத் திரண்டு பூர்வகுடி நில உரிமை கோரின. 2006இல் சுமார் 3,60,000 ஹெக்டேர் நிலத்துக்கு அவர்கள் பெயரில் கூட்டுப் பட்டா கிடைத்தது. அந்த நிலத்தில் காட்டை நிர்வகித்து, அளவோடு மரம் எடுக்கும் உரிமையும் அவர்களுடையதே.

ரசீதுகளின் கதை வேறு மாதிரி போனது. புகைக்கு வரம்பு விதிக்கும் கியோட்டோ ஒப்பந்தத்திலிருந்து அமெரிக்கா 2001இல் விலகிக்கொண்டது. அதே ஆண்டு ஒப்பந்த நாடுகள், இத்தகைய ரசீதுகளை ஏற்கும் தூய்மை வளர்ச்சித் திட்டத்தில் காடு வளர்ப்பை மட்டும் சேர்த்தன. இருக்கும் காட்டைக் காப்பதைச் சேர்க்கவில்லை. 2005இல் பப்புவா நியூகினியாவும் கோஸ்டாரிகாவும் அந்தப் பேச்சை மறுபடி எடுத்தபோது, நோயெல் கெம்ப் ஏற்கெனவே எட்டு ஆண்டுகள் நடந்திருந்தது. பொலிவியாவில் 2006இல் பதவியேற்ற எவோ மொராலெஸ் அரசு, காட்டைச் சந்தைப் பொருளாக்கக் கூடாது என்ற கொள்கையில் உறுதியாக நின்றது. அரசின் 49 சதவீதப் பங்கை விற்று வருமானம் பார்க்கும் வழி அடைபட்டது. ஒரு காட்டின் முப்பது ஆண்டுப் பாதுகாப்பை, நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை மாறும் அரசியலின் மேலும் சந்தை விலையின் மேலும் கட்டுவதில் உள்ள ஆபத்து இது. இப்போது தீயும் சேர்ந்துகொண்டது. பூங்கா இருக்கும் சாந்தா குரூஸ் மாநிலத்தில் 2024இல் வறட்சியோடு பரவியது போன்ற பெருந்தீ, 30 ஆண்டுக் கணக்கையும் சில வாரங்களில் குலைக்கக்கூடியது. எரிந்து போகும் டன்களுக்காக, விற்காமல் ஒரு பங்கை ஒதுக்கி வைக்கும் முறை இன்று பெரும்பாலான திட்டங்களில் கட்டாயமாகியிருப்பது இப்படிப்பட்ட ஆபத்துகளால்தான்.

விமானப் பயணச்சீட்டு வாங்கும்போதோ, ஒரு நிறுவனம் தன் பொருளைக் கார்பன் நடுநிலை என்று விளம்பரம் செய்யும்போதோ, இப்படி ஏதோ ஒரு வெப்பமண்டலக் காட்டின் ரசீது உங்கள் முன் நீட்டப்படலாம். அது எந்தக் காடு என்று கேளுங்கள். அடிப்படைக்கோட்டை வரைந்தது யார் என்று கேளுங்கள். அதற்கும் முன்னால், அந்தக் காட்டோரம் குடியிருப்பவர்களின் பெயரில் பட்டா இருக்கிறதா, ஒப்பந்தத்தில் அவர்கள் கையெழுத்து இருக்கிறதா என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் வாங்காதீர்கள்.