உரையாடலை அளவிடும் மென்பொருளும் கூட்டு உழைப்பின் வெற்றியும்

பலர் கூடி உழைக்குமிடத்துப் பேச்சு உழைப்புக்குப் புறம்பானதன்று; அது உழைப்பின் ஓர் அங்கமாகும். வேலையைப் பங்கிடுவதும் பிழையைச் சுட்டுவதும் ஆபத்தை அறிவிப்பதும் பேச்சினாலேயே நிகழ்கின்றன. இப்பேச்சைக் கணனி மென்பொருள் கொண்டு அளந்து, குழுவொன்றின் வெற்றி தோல்விகளை விளக்க முனையும் ஆய்வுமுறை அண்மைத் தசாப்தங்களில் வளர்ந்துள்ளது. மொழியையும் சமுதாயத்தையும் இணைத்து நோக்கும் நாம் இம்முறையைப் புறக்கணித்தலும் ஆகாது. கேள்வியின்றி ஏற்றலும் ஆகாது. அது எதனை அளக்கின்றது, அளவின் பயன் யாரைச் சேர்கின்றது என்னும் இரு வினாக்களையே இங்கு எடுத்துக்கொள்கிறோம்.

இம்முறையின் தோற்றுவாய், அமெரிக்கச் சமூகவியலாளர் ஹார்வி சாக்ஸ் 1960களில் தொடங்கிய உரையாடற் பகுப்பாய்வாகும். லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் தற்கொலைத் தடுப்பு நிலையத்துக்கு வந்த தொலைபேசி அழைப்புகள் அவருடைய முதற் சான்றுகளுள் அடங்கும். 1974இல் அவரும் இமானுவல் ஷெக்லொவ், கெயில் ஜெபர்சன் ஆகியோரும் ‘லாங்குவேஜ்’ ஆய்விதழில் எழுதிய கட்டுரை, பேச்சு வாய்ப்புக் கைமாறும் ஒழுங்கினை விளக்கிற்று. பேசுபவர் அடுத்தவரைத் தெரிந்தெடுக்கலாம். தெரிந்தெடுக்காவிடின் வேறொருவர் தாமே பேச்சை எடுக்கலாம். எவரும் எடுக்காவிடின் முன்னவரே தொடரலாம். பேச்சு வாய்ப்புக்கு மதிப்புண்டு. ஒரு நேரத்தில் அது பெரும்பாலும் ஒருவருக்கே கிட்டும். அதன் பங்கீட்டை இவ்வாய்வாளர் ஒருவகைப் பொருளாதாரமாகவே கண்டமை கருத்தூன்றத்தக்கது.

அன்று ஒலிப்பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டு, மௌனத்தைச் செக்கனின் பத்திலொரு பங்கு வரை கணித்துக் கையாற் குறித்தனர். இன்று இருவகை மென்பொருள்கள் வழக்கிலுள்ளன. நெதர்லாந்தின் நைமேகன் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனம் உருவாக்கிய ‘எலான்’ போன்றவை, ஒலியையும் எழுத்தையும் காலக்கோட்டிற் பொருத்தி, ஆய்வாளர் நுணுகிக் கேட்பதற்குத் துணை நிற்பவை. மற்றவகை குரல்களைத் தாமே வேறுபிரித்து, யார் எத்தனை தடவை, எவ்வளவு நேரம் பேசினர், யார் இடைமறித்தனர் என எண்ணித் தருபவை.

எண்ணும் முறைக்குப் பெருமதிப்பைத் தேடித்தந்தது, 2010இல் ‘சயன்ஸ்’ இதழில் அனிற்றா வூலியும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வாகும். 699 பேர், இருவர் முதல் ஐவர் வரையான குழுக்களாகப் பல பணிகளைச் செய்தனர். உறுப்பினரின் சராசரி நுண்ணறிவுக்கும் குழுவின் திறனுக்குமிடையே வலுவான தொடர்பு காணப்படவில்லை. பிறர் உணர்வை அறியும் ஆற்றல் மிக்க குழுக்களும், பேச்சு வாய்ப்புச் சமமாகப் பகிரப்பட்ட குழுக்களுமே மேம்பட்டு நின்றன. ஒரு சிலர் பேச்சை ஆட்கொண்ட குழுக்கள் பின்தங்கின. 2017இல் திமதி பேட்ஸ், சிவானி குப்தா ஆகியோர், தனிநபர் நுண்ணறிவே முதன்மையானது எனத் தம் சோதனைகள் கொண்டு இதனை மறுத்தனர். ஆகவே இதனை முடிந்த முடிபாகக் கொள்ளாது, ஆராய்வுக்குரிய கருதுகோளாகவே கொள்ளல் தகும்.

மேலும், எண்ணிக்கையில் நிலவும் சமத்துவம் அதிகாரத்தின் சமத்துவமாகிவிடாது. 1978 டிசெம்பர் 28ஆந் திகதி, 189 பேருடன் அமெரிக்காவின் போட்லண்ட் நகரை அணுகிய யுனைற்றட் நிறுவன விமானமொன்று, தரையிறங்கு சில்லின் கோளாறு காரணமாக ஏறத்தாழ ஒரு மணி நேரம் வட்டமிட்டது. எரிபொருள் தீர்ந்து வீழ்ந்தது. 10 பேர் மாண்டனர். எரிபொருள் குறைவதைத் துணை விமானியும் பொறியாளரும் பேசியே இருந்தனர். தலைமை விமானி அதனைக் கவனியாமையையும், தம் கவலையை மற்றிருவரும் அவருக்கு உறைக்குமாறு உணர்த்தத் தவறியமையையும் விசாரணை சுட்டிற்று. இத்தகைய விபத்துகளின் விளைவாக 1979இல் நாசா ஓர் ஆய்வரங்கை நடத்தியது. 1981இல் அதே விமான நிறுவனம், கீழ்நிலையினர் தயங்காது பேசவும் மேனிலையினர் செவிகொடுக்கவும் பயிற்சியளிக்கத் தொடங்கிற்று. தடவைகளை மட்டும் எண்ணும் கருவி, அவ்விமான அறையில் எச்சரிக்கை ஒலித்தது எனப் பதிந்திருக்கும். அதிகாரப் படிநிலையில் அதன் வலு தேய்ந்துபோனமை அதற்குப் புலப்பட்டிராது.

தமிழில் இவ்விடர்ப்பாடு மேலும் கூர்மையுறும். யாழ்ப்பாணத் தமிழின் நீ, நீர், நீங்கள் என்னும் முன்னிலை வடிவங்களே பேசுவோரின் சமூக உறவை வெளிப்படுத்துவன. சாதியமைப்பு மொழியில் வெளிப்படுமாற்றைச் சு. சுசீந்திரராசா 1978இல் ஆராய்ந்துள்ளார். ஒருவர் ‘நீ’ எனவும் மற்றவர் ‘நீங்கள்’ எனவும் பேசும் உரையாடலில் இருவரும் பத்துத் தடவை பேசினர் என்னும் கணக்கு எதனைச் சொல்லும்?

இனி, பயன் யாருக்கு என்னும் வினா. மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் அலெக்ஸ் பென்ற்லண்ட், ஊழியர் அணியும் மின்னியல் அட்டைகள் மூலம் குழுக்களின் பேச்சுத் தொடர்பை அளந்தவர். அவ்வட்டைகள் பேசும் தொனி, உடலசைவு, யார் யாருடன் பேசினர் என்பவற்றைப் பதிந்தன. பேசிய பொருளைப் பதியவில்லை. வங்கியொன்றின் தொலைபேசிச் சேவை நிலையத்தில், குழுவினர் அனைவருக்கும் ஒரே நேரத்தில் கோப்பி இடைவேளை வழங்குமாறு அவர் ஆலோசனை கூறினார். பின்தங்கிய குழுக்களில் ஓர் அழைப்பைக் கையாளும் சராசரி நேரம் 20 சதவீதத்துக்கு மேலும், நிலையம் முழுவதிலும் 8 சதவீதமும் குறைந்ததென 2012இல் எழுதினார். ஊழியரின் மனநிறைவும் கூடியதென்றார். வங்கி எதிர்பார்த்த உற்பத்தித்திறன் பெருக்கம் ஆண்டுக்கு 1½ கோடி டொலர்.

ஊழியர் ஒருங்கே இளைப்பாறல் நல்லதே. ஆயினும் இங்கு ‘வெற்றி’ எனப்பட்டது அழைப்பு நேரத்தின் சுருக்கம்; அவ்வரைவிலக்கணம் நிருவாகத்தினுடையது. முதலாளி தனித்தனி உழைப்புச் சக்திகளுக்கே விலை கொடுக்கிறான், அவை கூடுவதாற் பிறக்கும் ஆற்றல் அவனுக்கு விலையின்றிக் கிடைக்கின்றது என 1867இல் ‘மூலதனம்’ முதற் பாகத்தில் மார்க்ஸ் விளக்கினார். தொழிலாளர் தமக்குள் பேசும் பேச்சினால் விளையும் அவ்வாற்றலையே இன்று அட்டையும் மென்பொருளும் கணக்கிட்டு நிருவாகத்திடம் கையளிக்கின்றன.

இக்கருவியைத் துறக்குமாறு நாம் கூறவில்லை. பதிவுக்கு ஊழியரின் உண்மையான சம்மதம் வேண்டும். பெறுபேறுகள் அவர்களுக்கும் அவர்தம் சங்கங்களுக்கும் கிட்டவேண்டும். எது வெற்றி என்பதைத் தீர்மானிப்பதில் அவர்களுக்குப் பங்கு வேண்டும். நிருவாகக் கூட்டங்களில் யார் பேசுகின்றனர், யார் பேச்சு வெட்டப்படுகின்றது என்பதும் இதே அளவுகோலால் அளக்கப்படல் வேண்டும். எண்ணிக்கையோடு சொல்லின் பொருளையும் சொல்வோரின் சமூக நிலையையும் சேர்த்து நோக்கும் ஆய்வே கூட்டு உழைப்பை உள்ளவாறு விளக்கவல்லது. மொழியியலாளரும் தொழிற்சங்கத்தினரும் இணைந்து இதனை மேற்கொள்ளல் காலத்தின் தேவையாகும்.