நான்கு எழுத்துக்கள் சொன்ன சாட்சி



ஒரே குழந்தைக்கு உரிமை பாராட்டிய இரு தாய்மாரின் வழக்கைச் சாலமோன் மன்னர் தீர்த்த விதத்தை நாம் சிறுவயது முதலே கேட்டு வந்திருக்கிறோம். இஸ்லாமியச் சகோதரர்கள் சுலைமான் நபி எனப் போற்றுவதும் அவரையே. அவ்வழக்கை நினைவூட்டும் நிகழ்வொன்று நம் காலத்தில் கல்முனையில் நடந்தேறியது.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்டது. அன்று கண்டெடுக்கப்பட்ட கைக்குழந்தை ஒன்று கல்முனை வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டது. பெயர் அறியப்படாத அக்குழந்தைக்கு, அனுமதி வரிசையில் கிடைத்த 81 என்னும் எண்ணே பெயராயிற்று. ஒன்பது தம்பதியர் உரிமை கோருவதாக உலகெங்கும் செய்தி பரவியது. ஆயினும் முறைப்படி உரிமை கோரி நின்றவர்கள் ஒரே தம்பதியரே. நீதிமன்றம் மரபணுச் சோதனைக்கு உத்தரவிட்டது. 2005 பெப்ரவரி 14இல் அவர்களே பெற்றோர் என்பது உறுதியானது. இரு நாட்களில் குழந்தை அவர்களின் கரங்களை அடைந்தது.

இந்தச் சாட்சியம் எங்கிருந்து வந்தது? நம் உடலின் ஏறக்குறைய ஒவ்வொரு கலத்திலும் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழை உண்டு. அடினைன், தைமின், குவானின், சைற்றோசின் ஆகிய நான்கே அதன் எழுத்துக்கள். மூன்று எழுத்துக்கள் சேர்ந்தால் ஒரு சொல். இவ்வாறு அமையும் 64 சொற்களுள் 61 சொற்கள் 20 அமினோ அமிலங்களைக் குறிக்கின்றன. எஞ்சிய மூன்றும் முற்றுப்புள்ளிகள். மரபணுவின் வாசகம் ஆர்.என்.ஏ.யாகப் படியெடுக்கப்பட்டு ரைபோசோமைச் சென்றடைகிறது. அங்கே அமினோ அமிலங்கள் வரிசை தவறாமல் கோக்கப்பட்டுப் புரதமாகின்றன. இக்குறியீட்டை விளக்கியமைக்காக, இந்தியாவில் பிறந்த ஹர் கோவிந்த் கொரானா 1968இல் மேலும் இருவருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இவ்வெழுத்துக்களில் பாதி தாயிடமிருந்தும் பாதி தந்தையிடமிருந்தும் வருகின்றன. ஈமோகுளோபின் புரதத்துக்குரிய மரபணுவில் ஒரேயோர் எழுத்து மாறி, அந்தப் பிழை இருவரிடமிருந்தும் பிள்ளைக்கு வந்துவிட்டால், செங்குருதிக் கலங்கள் அரிவாள் போல வளைந்துவிடுகின்றன.

ஆனால் பெற்றோரை அறியும் சோதனை, புரதங்களுக்கான வாசகங்களை நாடுவதில்லை. அவை மாந்தர் அனைவரிடத்தும் பெரிதும் ஒத்திருக்கின்றன. அவற்றுக்கு வெளியே, ஒரே சிறு தொடர் மீண்டும் மீண்டும் வரும் இடங்கள் உள்ளன. அத்தொடர் எத்தனை முறை வருகிறது என்பது ஆளுக்காள் வேறுபடும். ஒவ்வோர் இடத்திலும் குழந்தையின் ஓர் எண்ணிக்கை தாயினுடையதோடும், மற்றது தந்தையினுடையதோடும் பொருந்தவேண்டும். பல இடங்களில் இவ்வாறு பொருந்தினால் ஐயத்துக்கு இடமில்லை.

சிந்தித்துப் பாருங்கள். நம் உடலின் புரதங்களை எழுதும் அகராதி கல்முனைக்குடி முஸ்லிமுக்கும், பாண்டிருப்புத் தமிழருக்கும், உங்களுக்கும் எனக்கும் ஒன்றே. நம்மை இன்னார் பிள்ளையென அடையாளங்காட்டும் வேறுபாடோ மிகச் சிறிது. அச்சிறு வேறுபாடே பிரிந்த குழந்தையைத் தாய்மடி சேர்த்தது.

இன்னொன்றையும் மறவாதிருப்போம். விடை தெரியும்வரை, அது யார் பிள்ளை என்றறியாமலே வைத்தியசாலையினர் அக்குழந்தையைப் பேணிக் காத்தனர். அந்த அன்புக்குச் சோதனை எதுவும் தேவைப்படவில்லை.