டயர் மாத்தப் போறீங்களா? முதல்ல கார் கதவைத் திறந்து பாருங்க!

வேகமான செடான் கார் வைத்திருப்பவர்கள் டயர் கடையில் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: “அண்ணா, ஒரு இன்ச் பெருசா போட்டா லுக் எப்படி இருக்கும்?” லுக் நல்லாத்தான் இருக்கும். ஆனால் டர்போ எஞ்சின், ஏபிஎஸ் பிரேக், ஏர்பேக் என்று காரில் எது இருந்தாலும், ரோட்டைத் தொட்டுக்கொண்டிருப்பது நான்கு டயர்களின் அடியில் உள்ள உள்ளங்கை அகல ரப்பர் மட்டும்தான். பிரேக் பிடிப்பது, வளைவில் திரும்புவது, மழைத் தண்ணீரில் வழுக்காமல் போவது எல்லாமே அந்த ரப்பரை நம்பித்தான்.

டயரும் அலாய் வீலும் மாற்றும்போது எதைப் பார்க்க வேண்டும், சட்டம் எதை அனுமதிக்கிறது, ஏமாற்றப்பட்டால் எங்கே புகார் செய்யலாம்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எப்போது மாற்ற வேண்டும்?

டயரின் பள்ளங்களுக்குள் குறுக்காகச் சின்னச் சின்ன ரப்பர் மேடுகள் இருக்கும். இவைதான் தேய்மானக் குறியீடுகள். கார் டயரில் இவற்றின் உயரம் 1.6 மில்லிமீட்டர். டயர் தேய்ந்து இந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது என்று அர்த்தம். அதற்கு மேலும் ஓட்டுவது ஆபத்து, விதிமீறலும்கூட.

ஆனால் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. பள்ளத்தின் வேலையே தண்ணீரை வெளியே தள்ளுவதுதான். பள்ளம் ஆழம் குறையக் குறைய, நெடுஞ்சாலையில் தேங்கிய தண்ணீர் மேல் டயர் மிதக்க ஆரம்பிக்கும். அந்த நொடியில் ஸ்டீயரிங், பிரேக் எதுவும் பேச்சைக் கேட்காது. அதனால் ஆழம் 3 மில்லிமீட்டர் அளவுக்கு வந்திருந்தால், வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன்பே மாற்றிவிடுவது நல்லது.

தேய்மானம் குறைவாக இருந்தாலும் வயதைப் பாருங்க. பக்கச்சுவரில் வெடிப்பு, புடைப்பு, வெட்டு இருந்தால் கிலோமீட்டர் கணக்கே பார்க்க வேண்டாம், உடனே மாற்றுங்க.

டயரில் எழுதியிருப்பது என்ன?

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால், கதவு மூடும் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். சில கார்களில் பெட்ரோல் மூடியின் உள்பக்கம் இருக்கும். உங்கள் காருக்கு உற்பத்தியாளர் நிர்ணயித்த டயர் அளவும் காற்றழுத்தமும் அதில் இருக்கும். அதைப் போட்டோ எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்க. கடைக்குப் போகும்போது இதுதான் உங்கள் ஆதாரம்.

வெர்னா, விர்டஸ், ஸ்லாவியா போன்ற செடான்களின் 1.5 லிட்டர் டர்போ வகைகளில் வந்த அளவு 205/55 ஆர்16. அதையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

• 205 – டயரின் அகலம், மில்லிமீட்டரில்.
• 55 – பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் 55 சதவீதம். அதாவது சுமார் 113 மில்லிமீட்டர்.
• ஆர் – ரேடியல் வகை டயர்.
• 16 – ரிம்மின் விட்டம், இன்ச்சில்.

இதற்குப் பக்கத்தில் 91வி என்பது போல இன்னொரு குறியீடு இருக்கும். பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். 91 என்பது எடை தாங்கும் குறியீடு. ஒரு டயர் 615 கிலோ வரை தாங்கும் என்று அர்த்தம். 88 என்றால் 560 கிலோதான். அடுத்து வரும் எழுத்து வேகக் குறியீடு. டி என்றால் மணிக்கு 190 கிலோமீட்டர், எச் என்றால் 210, வி என்றால் 240, டபிள்யூ என்றால் 270.

“நம்ம ஊர் நாலுவழிச் சாலையில 100 தானே லிமிட், 240 எதுக்கு?” என்று கேட்கலாம். இது அந்த வேகத்தில் ஓட்டுவதற்கான அனுமதி இல்லை. சூட்டை டயர் எவ்வளவு தாங்கும் என்பதற்கான அளவுகோல். மே மாத வெயிலில், முழு லோடில், நான்கு மணி நேரம் தொடர்ந்து ஓடும் டயருக்கு அந்தத் தாங்குசக்தி தேவை. ஆகவே விதி எளிது: எடைக் குறியீடு, வேகக் குறியீடு இரண்டிலும் ஸ்டிக்கரில் உள்ளதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ வாங்கலாம். ஒருபோதும் குறைக்கக் கூடாது.

பெரிய சக்கரம் போடலாமா?

சக்கரத்தின் விட்டம் கூடினால் பக்கச்சுவரின் உயரம் குறைய வேண்டும். அப்போதுதான் டயரோடு சேர்ந்த மொத்த உயரம் மாறாது. ஸ்பீடோமீட்டர், ஓடோமீட்டர், ஏபிஎஸ் எல்லாம் அந்த உயரத்தை வைத்துத்தான் கணக்குப் போடுகின்றன.

கணக்கை நீங்களே போடலாம். டயர் அகலத்தைப் பக்கச்சுவர் சதவீதத்தால் பெருக்கி, இரண்டு மடங்காக்குங்க. ரிம் இன்ச்சை 25.4 ஆல் பெருக்கி அதோடு கூட்டுங்க. மொத்த உயரம் மில்லிமீட்டரில் வந்துவிடும்.

• 205/55 ஆர்16: 632 மி.மீ. (கம்பெனி அளவு)
• 225/45 ஆர்17: 634 மி.மீ. (0.4 சதவீதம் அதிகம்)
• 225/40 ஆர்18: 637 மி.மீ. (0.8 சதவீதம் அதிகம்)
• 215/60 ஆர்16: 664 மி.மீ. (5 சதவீதம் அதிகம்)

கடைசி அளவைப் போட்டால், முன்பு 100 கிலோமீட்டரில் போனதாகக் காட்டிய அதே முள், இப்போது கார் 105-ல் போகும்போதுதான் 100 காட்டும். உங்களுக்குத் தெரியாமலேயே வேக வரம்பை மீறுவீர்கள். டயர் மட்கார்டின் உள்பக்கம் உரசவும் வாய்ப்பு உண்டு.

அப்படியென்றால் 17, 18 இன்ச் சரியா? உயரக் கணக்கு சரி. ஆனால் பக்கச்சுவரைப் பாருங்க. 205/55-ல் 113 மி.மீ. இருந்த ரப்பர், 225/40-ல் 90 மி.மீ. ஆகிவிடுகிறது. பள்ளத்தில் விழும்போது அடியை வாங்கிக்கொள்ளும் மெத்தையில் 23 மி.மீ. குறைந்துவிட்டது. வளைவில் ஸ்டீயரிங் கூர்மையாக இருக்கும், உண்மைதான். ஆனால் மழைக்காலத்தில் தண்ணீர் நின்று பள்ளமே தெரியாத சாலையில் அலாய் வளைவதும் பக்கச்சுவர் புடைப்பதும் இந்த மெல்லிய டயர்களில்தான் அதிகம். பெரிய சக்கரம் பொதுவாக எடையும் கூடுதல். பிக்கப், மைலேஜ் இரண்டிலும் அது தெரியும்.

இன்னொரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. 2020 ஜூனில் டயர் இறக்குமதி கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதனால் அபூர்வமான பெரிய அளவுகளில் ஒரு டயர் போனால், அதே மாடலில் இன்னொன்று உடனே கிடைக்காமல் போகலாம்.

லுக்குக்காக அளவை மாற்றுவதைவிட, அதே கம்பெனி அளவில் நல்ல தரமான டயர் வாங்குவதே செலவழிக்கும் பணத்துக்கு அதிகப் பலன் தரும். ஈரத் தரைப் பிடிப்பு முக்கியம் என்றால் அதற்கென வந்த மாடலைக் கேளுங்க. அதிக கிலோமீட்டர் உழைக்கும் கடினமான ரப்பருக்கும் அதிகப் பிடிப்பு தரும் மென்மையான ரப்பருக்கும் நடுவில்தான் நீங்கள் தேர்வு செய்கிறீர்கள். சக்தி அதிகமுள்ள காருக்குப் பிடிப்பே முதல் தேவை.

அலாய் வீல்: நான்கு அளவு பொருந்தணும்

1. போல்ட் வட்டம்: ஐந்து போல்ட் என்றால் எல்லாம் ஒன்றல்ல. போல்ட் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம் 100 மி.மீ., 112 மி.மீ., 114.3 மி.மீ. என்று காருக்குக் கார் மாறும். “கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணி மாட்டிடலாம்” என்று சொன்னால் அங்கிருந்து கிளம்பிவிடுங்க.

2. நடுத்துளை: சக்கரத்தின் நடுத்துளை காரின் ஹப் மீது சரியாக உட்கார வேண்டும். துளை பெரிதாக இருந்தால் அதற்கான வளையம் போட வேண்டும். இல்லாவிட்டால் 80-90 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கும்.

3. ஆஃப்செட்: சக்கரம் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே நிற்கும் என்பதைச் சொல்லும் அளவு. ‘இடி 45’ என்பது ‘இடி 35’ ஆனால், அகலம் அதே என்றாலும் சக்கரம் 10 மி.மீ. வெளியே வரும். மட்கார்டில் உரசும், பேரிங் மீது சுமை மாறும்.

4. ரிம் அகலம்: 205/55 ஆர்16 டயருக்கு 5.5 முதல் 7.5 இன்ச் அகல ரிம் ஏற்றது. 225/45 ஆர்17 டயருக்குக் குறைந்தது 7 இன்ச் வேண்டும்.

போல்ட்டின் உட்காரும் பகுதியையும் பாருங்க. சில கார்களில் அது உருண்டையாகவும், வெளியில் விற்கும் பல அலாய்களில் கூம்பாகவும் இருக்கும். பொருந்தாத போல்ட் எவ்வளவு இறுக்கினாலும் தளரும். பழைய அலாய் வாங்குவதாக இருந்தால் வெல்டிங் வைத்த தடம் இருக்கிறதா என்று உள்பக்கம் பாருங்க. இருந்தால் வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள், உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு. உற்பத்தியாளரின் அசல் வடிவமைப்பிலிருந்து விலகும் மாற்றங்களை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் ஏற்கவில்லை. அனுமதியில்லாத மாற்றத்துக்கு, பிரிவு 182ஏ-யின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

தேய்ந்த டயருக்குப் பதில் அதே அளவில் புது டயர் போடுவது மாற்றம் ஆகாது. அலாய் வேண்டுமென்றால் பாதுகாப்பான வழி, உங்கள் மாடலுக்கே கார் நிறுவனம் அனுமதித்த அளவைத் தேர்வு செய்வது. அதை உரிமையாளர் கையேட்டிலோ சர்வீஸ் சென்டரில் எழுத்துமூலமாகவோ உறுதி செய்துகொள்ளுங்க. கூடுதலாகப் போட்ட அலாயைக் காப்பீட்டு நிறுவனத்திடமும் தெரிவியுங்க. தெரிவிக்காவிட்டால் விபத்து நேரத்தில் இழப்பீடு கோருவதில் சிக்கல் வரலாம்.

கடையில் ஐந்து நிமிட சோதனை

• தயாரிப்புத் தேதி: பக்கச்சுவரில் ‘டாட்’ எனத் தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள். 2324 என்றால் 2024-ம் ஆண்டின் 23-வது வாரம். நான்கு டயரிலும் பாருங்க, ஒன்றில் மட்டும் பார்க்காதீங்க.
• ஐ.எஸ்.ஐ. முத்திரை: கார் டயருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 15633. முத்திரையோடு உள்ள ‘சிஎம்/எல்’ உரிம எண்ணை ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் டைப் செய்தால், அந்த உரிமம் யாருடையது, நடப்பில் உள்ளதா என்று தெரிந்துவிடும். கார் ரிம்முக்கான தரநிலை ஐ.எஸ். 9436.
• பில்: டயரின் பிராண்ட், அளவு, வரிசை எண் எழுதிய ஜி.எஸ்.டி. பில் வாங்குங்க. வாரன்ட்டிக்கு அது இல்லாமல் முடியாது.

மாட்டும்போது

சில டயர்களில் சுழலும் திசைக்கான அம்புக்குறி இருக்கும். சிலவற்றில் ‘அவுட்சைட்’ என்று எழுதிய பக்கம் வெளியே தெரிய வேண்டும். மாட்டி முடித்ததும் ஒரு சுற்று வந்து பாருங்க. பேலன்சிங், வீல் அலைன்மென்ட் இரண்டையும் விடாதீங்க. போல்ட்டைக் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கச் சொல்லுங்க. 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு முறை சரிபார்க்கணும்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டு டயர் மட்டும் மாற்றினால் எங்கே போடுவது?
முன்சக்கரம் இழுக்கும் கார் என்றாலும் புதியவற்றைப் பின்னால் போடுங்க. மழையில் பின்டயர் பிடி விட்டால் கார் அப்படியே சுற்றிவிடும். அதைச் சமாளிப்பது கடினம்.

டயரில் எழுதியுள்ள அழுத்தம் வரை காற்று அடிக்கலாமா?
கூடாது. அது டயரின் உச்ச வரம்பு. கதவு ஸ்டிக்கரில் உள்ள அளவை, டயர் குளிர்ந்திருக்கும்போது அடியுங்க.

ரன்-ஃப்ளாட் டயரை எடுத்துவிட்டுச் சாதாரண டயர் போடலாமா?
முதலில் கார் நிறுவனத்திடம் கேளுங்க. பல ரன்-ஃப்ளாட் கார்களில் ஸ்டெப்னியே கிடையாது. பஞ்சரானால் நடுவழியில் நிற்க வேண்டிவரும்.

ஏமாற்றப்பட்டால்?

பழைய டயரைப் புதியது என்று விற்றாலோ வாரன்ட்டியை மறுத்தாலோ, முதலில் கடைக்காரரிடம் எழுத்துமூலம் புகார் கொடுங்க. பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். அங்கேயும் தீராவிட்டால், பிரச்சினை எழுந்த இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். ‘இ-ஜாக்ரிதி’ இணையதளம் வழியாகவும் மனு செய்யலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பில், டயரின் தேதி தெரியும் போட்டோ, கடைக்காரருக்கு அனுப்பிய செய்தி மூன்றும் போனில் இருந்தால் உங்கள் பக்கம் பலமாக இருக்கும்.

இந்த வாரமே ஒரு வேலை செய்யுங்க. கதவு ஸ்டிக்கரையும் நான்கு டயரின் தேதியையும், ஸ்டெப்னியின் தேதியையும் போட்டோ எடுத்துவிடுங்க. டயர் கடைக்குப் போகும் நாளில் எந்த டயர் வேண்டும் என்று நீங்கள் சொல்வீர்கள், கடைக்காரர் எடுத்துக் கொடுப்பார்.