ஓட்டு கூடினால் இடம் குறையுமா?

2005 செப்டம்பரில் ஜெர்மனியில் நாடாளுமன்றத் தேர்தல். வேட்பாளர் ஒருவர் இறந்துவிட்டதால் டிரெஸ்டன் நகரின் ஒரு தொகுதியில் மட்டும் வாக்குப்பதிவு இரண்டு வாரம் தள்ளிப்போனது. அதற்குள் மற்ற முடிவுகள் வந்துவிட, கணக்குப் போட்டவர்களுக்கு ஒரு விபரீதம் தெரிந்தது. அந்தத் தொகுதியில் சிடியு கட்சி சுமார் 41 ஆயிரம் கட்சி வாக்குகளைத் தாண்டினால், அதற்கு நாடாளுமன்றத்தில் ஓர் இடம் குறையும்!

காரணம் பங்கீட்டு விதி. கூடுதல் வாக்கு விழுந்தால், கட்சியின் மொத்தப் பங்கில் ஓர் இடம் வேறு மாநிலத்திலிருந்து, டிரெஸ்டன் இருக்கும் சாக்சனி மாநிலத்துக்கு மாறும். சாக்சனியிலோ கட்சி நேரடித் தொகுதிகளையே பங்குக்கு மேல் வென்றிருந்தது. ஆகவே அங்கே ஒன்றும் கூடாது. இன்னொரு மாநிலத்தில் ஒன்று போய்விடும். இந்த விளைவு அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று 2008இல் அரசமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இப்படிப்பட்ட ஓட்டையைத் தேர்தலுக்கு முன்பே பிடிக்க முடியுமா? அதற்குத்தான் முறைசார் சரிபார்ப்பு. ‘ஆதரவு கூடினால் நட்டம் வரக்கூடாது’ போன்ற நியாயங்களைத் தர்க்க வாக்கியங்களாக எழுதி, ‘சாட் சால்வர்’ என்ற மென்பொருளிடம் கொடுக்கிறார்கள். அத்தனைக்கும் பொருந்தும் விதி இருந்தால் அது எடுத்துத் தரும். இல்லையென்றால், இல்லை என்பதற்கே நிரூபணம் தரும்.

உதாரணத்துக்கு, மூன்று வேட்பாளர்கள், இரண்டு வாக்காளர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் வேட்பாளர்களை 6 விதமாக வரிசைப்படுத்தலாம். இருவர் சேர்ந்தால் 36 நிலைமைகள். முடிவும் ஒரு வரிசைதான்; ஒவ்வொரு நிலைமைக்கும் 6 முடிவுகள் சாத்தியம் என்பதால், இருக்கக்கூடிய விதிகளின் எண்ணிக்கை 6-இன் 36-ஆம் அடுக்கு. ஒவ்வொன்றாகப் பார்த்து மாளாது. ஆனால் நியாயமான விதிக்கென்று பொருளியலாளர் கெனத் ஆரோ 1951இல் நூலில் வெளியிட்ட நிபந்தனைகளுக்கு இவற்றில் எதுவுமே பொருந்தாது என்பதை, 2009இல் டாங், லின் ஆகிய ஆய்வாளர்களின் கணினி ஒரு நொடிக்குள் உறுதிசெய்தது. பெரிய தேர்தலுக்கு அப்படியொரு விதி இருந்தால் அதிலிருந்து இந்தச் சின்னத் தேர்தலுக்கும் ஒன்று கிடைத்துவிடும் என்று தனியே நிறுவினார்கள். சின்னதில் இல்லாதது பெரியதிலும் இல்லை.

டிரெஸ்டன் சிக்கலுக்கு நெருங்கிய இன்னொரு கேள்வியும் உண்டு. எல்லோரையும் நேருக்கு நேர் வெல்லும் வேட்பாளர் இருந்தால் அவரே வெல்ல வேண்டும். வாக்களிக்காமல் வீட்டில் இருப்பதால் யாருக்கும் லாபம் வரக்கூடாது. நான்கு வேட்பாளர்கள் இருக்கையில் இவ்விரண்டும் ஒத்துப்போகுமா? 25 பேர் வாக்களித்தாலே ஒத்துப்போகாது என்று 1988இல் ஆய்வாளர் மூலன் நிறுவினார். பின்னர் பிரான்ட், கைஸ்ட், பீட்டர்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் சாட் சால்வரைக் கொண்டு எல்லையைத் துல்லியமாக்கினார்கள்: 11 பேர் வரை முடியும், 12 பேரிலிருந்து முடியாது.

எந்த நியாயங்கள் சேர்ந்து வாழும், எவை மோதும் என்பதுவரைதான் கணினியின் வேலை. மோதும்போது எதை விட்டுக்கொடுப்பது என்பது சட்டம் இயற்றுவோர் பொறுப்பு. அதை அவர்கள் வாக்குப்பதிவுக்கு முன்பே வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும்.